மெசோவேர்: ‘இடைத்தேய்வு’ வேண்டாம், ‘முகட்டுத்தேய்வு’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

தொல்லுயிர்ப் பற்களைக் கொண்டு பழங்காலத் தட்பவெப்பத்தை அறியும் முறைகளுக்கான சொற்பட்டியலில், ‘மைக்ரோவேர்’ என்பதற்கு நண்பர் தந்த நுண்தேய்வு மிகப் பொருத்தமானது. நுண்ணோக்கியில் தெரியும் கீறல்களையும் குழிகளையும் அச்சொல் சரியாகவே சுட்டுகிறது. ஆனால், கடைவாய்ப் பல் முகடுகளின் தேய்வைக் கொண்டு விலங்கின் உணவை அறியும் ‘மெசோவேர்’ முறைக்கு அவர் தந்த இடைத்தேய்வை ஏற்க இயலவில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரு பற்கள் ஒன்றோடொன்று உரசி அவற்றின் இடையே தேய்வதையே அச்சொல் நினைவூட்டுகிறது. பல் மருத்துவம் தனியாகக் கருதும் அந்தத் தேய்வுக்கே அதை விட்டுவைப்பது நல்லது.

தொல்லுயிரியலாளர்கள் ஃபோர்டேலியஸ், சொலூனியாஸ் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மெசோவேர் முறையில், தாவர உண்ணிகளின் கடைவாய்ப் பல் முகடுகள் எவ்வளவு உயர்ந்தும் கூர்மையாகவும் நிற்கின்றன என்று வெறுங்கண்ணாலேயே பார்க்கிறார்கள். தழை தின்னும் விலங்குக்குப் பல்லோடு பல் உரசுவதால் முகடு கூராகவே இருக்கும். புல் மேயும் விலங்குக்கோ, புல்லிலுள்ள சிலிக்கா துகளும் மண்ணும் அராவி அதை மழுக்கிவிடும். எங்கள் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல்லை மேயும் மாட்டையும், வெள்வேலங்காயையும் வேலித் தழையையும் எட்டிக் கடிக்கும் வெள்ளாட்டையும் ஒருசேரப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஓட்டு வீட்டின் உச்சியை முகடு என்று சொல்லிப் பழகிய நமக்கு, பல்லின் மேட்டுக்கும் அச்சொல்லே இயல்பாகப் பொருந்துகிறது.

தேய்வு என்றாலே வயதைத்தானே நினைப்பார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’, ‘கடை சேர்ந்தது’ என்று வயது சொல்வது கீழ்த்தாடை முன்பற்களை வைத்தே. கடைவாய்ப் பல்லைப் போன்ற முகடு அவற்றுக்கு இல்லையாதலால், முகட்டுத்தேய்வு என்னும்போது கவனம் தானாகவே உரிய பல்லுக்குச் சென்றுவிடும். முதுமையில் முகடே தேய்ந்து மறைந்த பற்களை ஆய்வாளர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதிவிடலாம்.

இதற்குத் தெளிவான தனிச்சொல் வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஏறத்தாழ 80 முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இமயமலை அடிவாரச் சிவாலிக் பகுதியில் வெப்பமண்டலப் புல்வெளி பரவியதைப் பல் எனாமலின் கார்பன் ஐசோடோப்புகள் (எடை வேறுபட்ட கார்பன் அணு வகைகள்) காட்டுகின்றன. ஆயினும், அதற்கு முந்தைய காலத்தில் ஒரு விலங்கு தின்றது குளிர்ப்பகுதிப் புல்லையா, மரத்தின் தழையையா என்பதைக் கார்பன் மட்டும் எளிதில் பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஒரே ஒளிச்சேர்க்கை முறையைச் சேர்ந்தவையாதலால், பல்லில் அவை விடும் கார்பன் தடயமும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே காடா, திறந்தவெளியா என்று தீர்மானிக்க இந்த முகடுகளே உதவுகின்றன.

ஆகவே பட்டியலில் ‘முகட்டுத்தேய்வு’ என்று திருத்தி, அதன் மூன்று நிலைகளையும் கூர்முகடு, உருள்முகடு, மழுங்குமுகடு என அதன்கீழ் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.