பேச வராத பிளேயர், பேச்சில் கெட்டிக்கார கேரக்டர்: பர்சுவேஷன் ரோலை என்ன செய்வது?

கேள்வி

ஐந்து பேருக்கு ஏழு மாதமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு) நடத்தி வருகிறேன். 2014 விதிகள். சண்டை என்றால் எனக்குத் தடுமாற்றமே இல்லை. யாராவது ஒரு என்பிசியை (நடத்துபவரான நானே ஆடும் கேரக்டரை) பேசி வழிக்குக் கொண்டுவரப் பார்த்தால்தான் திணறிப் போகிறேன்.

போன செஷனில் நடந்தது இது. எங்கள் பார்ட் (பாணர் கேரக்டர்) ஐந்தாம் லெவல், கரிஸ்மா (ஆளைக் கவரும் தன்மை) 18, பர்சுவேஷன் +10. அதாவது, பேசி இணங்க வைக்க இருபது முகப் பகடையை உருட்டி (அதுதான் ரோல்) அதோடு பத்தைக் கூட்டலாம். அந்தக் கேரக்டரை ஆடும் தோழி அதிகம் பேசாதவள். சிறைக் காவலாளியிடம் போய், "இவரைச் சம்மதிக்க வைக்கிறேன்" என்றாள். "சரி, என்ன சொல்கிறாய்? பேசிக் காட்டு" என்றேன். எல்லோரும் அவளையே பார்த்தோம். பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தவள், "வேண்டாம், விடு" என்றாள். உடனே ஃபைட்டரை, அதாவது சண்டை வீரனை, ஆடுபவன் (கரிஸ்மா 8) உருக்கமாக ஒரு வசனம் பேசினான். எல்லோரும் கைதட்ட, நான் ரோல்கூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் கேரக்டர் விவரம் எழுதும் ஷீட்டுகளை அடுக்கும்போது பார்த்தால், அவள் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "காவலாளி ரெண்டு தடவை மகள் பேச்சை எடுத்தார். மகளுக்கு உடம்பு சரியில்லையோ? என்னிடம் மருந்து இருக்கு."

அன்றிலிருந்து மனசு சரியில்லை. ரோலை மட்டும் பார்த்தால் பேச்சுக்கு மதிப்பில்லை. பேச்சை மட்டும் பார்த்தால் அவளுடைய +10க்கு மதிப்பில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் 1

அவள் எழுதியிருந்ததுதான் பர்சுவேஷன். அவன் பேசியது வசனம். "பேசிக் காட்டு" என்று கேட்காமல் "எதை வைத்துக் கேட்கிறாய்?" என்று கேளுங்கள். "மகளுக்கு மருந்து தருகிறேன், பதிலுக்குக் கதவைத் திறக்கச் சொல்கிறேன்" என்று அவள் ஒரே வரியில் சொன்னால் போதும், ரோலுக்குப் போய்விடலாம்.

2014 டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) வழிகாட்டியில் இதற்கு ஒரு சின்ன அட்டவணை உண்டு. பலர் அதைப் புரட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். என்பிசி நட்பாக இருக்கிறாரா, அக்கறை இல்லாமல் இருக்கிறாரா, பகையாக இருக்கிறாரா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பகையாக இருப்பவரிடம் 20 எடுத்தாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத உதவியைத்தான் செய்வார். அக்கறை இல்லாதவரிடம் அதே 20 எடுத்தால் சின்ன ஆபத்தை ஏற்பார். அவர் மனசுக்கு நெருக்கமானதைக் கண்டுபிடித்துத் தொட்டால், பகையிலிருந்து ஒரு படி இறங்கி வரலாம்.

உங்கள் காவலாளியை இதில் வைத்துப் பாருங்கள். மகள் பேச்சு அவரை ஒரு படி இறக்குகிறது. +10 உள்ள பார்டுக்குப் பகடையில் 10 விழுந்தாலே மொத்தம் 20. கரிஸ்மா 8 ஃபைட்டருக்கு -1. பகடையில் 20 விழுந்தாலும் 19தான். 2014 விதிகளில் ஸ்கில் ரோலுக்கு 20 விழுந்தால் தானாக வெற்றி என்றும் கிடையாது. சாவியையே கொடுப்பது சின்ன ஆபத்து இல்லை, அது வேறு விஷயம். கொஞ்ச நேரம் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். கதைக்கு அதுவே நல்லது.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று. ரோலுக்கு முன்னால் அந்த என்பிசிக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாத ரோல் மந்திரம் போல ஆகிவிடும். இதே விளையாட்டின் பழைய 3.5 பதிப்பில் டிப்ளமசி (பேசி நட்பாக்கும் திறன்) ரோலில் 50 எடுத்தால் பகையாளிகூட ஆபத்தை ஏற்று உதவத் தயாராகிவிடுவான். அதற்காகவே கட்டிய கேரக்டர் ஒன்று எங்கள் கேம்பெயினில் இருந்தது. மூன்றே செஷனில் எல்லா வில்லனும் நண்பனாகிவிட்டான். அதற்கு மேல் கதை நகரவே இல்லை.

எனக்குப் பிடித்த வழி அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற வேறொரு கதை விளையாட்டில் இருக்கிறது. ரெண்டு ஆறுமுகப் பகடை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உங்கள் வாக்கை நம்பிச் செய்வார். 7 முதல் 9 வரை வந்தால், "முதலில் கையில் ஏதாவது கொடு" என்பார். அந்த நடு எண்தான் பேச்சைத் தொடர வைக்கிறது. டி20யிலும் (இருபது முகப் பகடை) செய்யலாம்: இலக்கை, அதாவது எடுக்க வேண்டிய எண்ணை, ரெண்டு மூன்றில் தவறவிட்டால் மறுப்பு வேண்டாம், விலை கேட்கட்டும்.

அப்புறம், ஒரு பிளேயர் இன்னொரு பிளேயரின் கேரக்டர்மேல் பர்சுவேஷன் ரோல் போட நான் விடுவதே இல்லை. தன் கேரக்டர் என்ன நினைக்கிறது என்பது அவரவர் உரிமை.

பதில் 3

நானும் உங்கள் தோழி மாதிரி அதிகம் பேசாதவர்தான், எனக்குத் திக்குவாய். ஒரு சின்ன வேண்டுகோள்: பொறுப்பை அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். "நான் உனக்காகப் பேசுகிறேன்" என்று யாராவது முன்வந்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு வாயே திறக்காது. எங்கள் ஆட்டத்தை நடத்தும் ஜிஎம், நான் என்ன சொல்ல வருகிறேன் என்று கேட்டு, ரோல் முடிந்ததும், "நீ சொன்னதைக் கேட்டு அவர் கதவைப் பார்க்கிறார்" என்று என்பிசியின் பக்கத்தை மட்டும் நடிப்பார். எனக்கு வார்த்தை வந்தால் சேர்த்துக்கொள்வேன். வராவிட்டாலும் காட்சி நிற்காது.

கேட்டவர்

நன்றி. நேற்று ஆடினோம். முதலில் அவளிடம், ஷீட்டில் பார்த்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நேற்று மாட்டியது ஒரு படகோட்டி. "அவருக்கு வேண்டியது காசு இல்லை, தம்பி பற்றிய செய்தி. அதைச் சொல்கிறேன், பதிலுக்கு இன்றிரவே படகு" என்றாள். இலக்கு 20, அவளுக்கு வந்தது மொத்தம் 18. "செய்தியை முதலில் சொல், பிறகு பார்க்கலாம்" என்று படகோட்டியாக நான் விலை கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாக, அவளுடைய குரலிலேயே, "பாதியை இப்போ சொல்றேன். மீதியை அக்கரையில்" என்றாள்.

ஃபைட்டர்தான் முதலில் மேசையைத் தட்டினான்.