பேஸ் லேயர்: தமிழ்ச்சொல் தேவை (அவசரம்)

ந. எழுதியது:
அன்பர்களே, துருவ ஒளியைப் படமெடுக்கக் கனடாவின் யெல்லோநைஃபுக்குப் போகும் தமிழர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சனவரி இரவில் அங்கே மைனஸ் 30 டிகிரி சாதாரணம். முக்காலி அருகே அசையாமல் நிற்பவருக்கு மூன்று அடுக்கு உடை வேண்டும். காற்றைத் தடுப்பது ‘மேலுடை’, சூட்டைப் பிடித்துவைப்பது ‘இடையுடை’. தோலை ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் பேஸ் லேயருக்கு என்ன சொல்வது? ‘உள்ளாடை’ என்றால் பருத்திப் பனியனோடு கிளம்பிவிடுவார்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். ஆளை விறைக்க வைத்துவிடும்.

கு. எழுதியது:
மெய்ப்பை. முல்லைப்பாட்டின் யவனர் ‘மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து’, அதாவது மெய்ப்பை அணிந்து, பார்ப்பவர் அஞ்சும் தோற்றத்தோடு வருகிறார்களே! சட்டைக்குக் கஞ்சுகம் என்றொரு சொல் உண்டே என்று யாரும் கிளம்ப வேண்டாம், அது வடசொல்.

ச. எழுதியது:
ஐயா, நச்சினார்க்கினியர் அதற்குச் ‘சட்டை’ என்றே உரை சொல்கிறார். பார்த்தவர் அஞ்சினார்கள் என்றால் வெளியே தெரிந்த உடைதானே? உள்ளே போட்டதைக் கண்டு யார் அஞ்சுவார்?

கு. எழுதியது:
பொருள் மாறட்டுமே. சங்கப் பாடலில் ‘கையுறை’ என்பது தலைவன் தலைவிக்குத் தரும் தழையும் பூவும். இன்று விரலில் மாட்டுகிறோம். யார் குழம்பினார்?

வி. எழுதியது:
கையுறை என்றதும் நினைவு வந்தது, கையேட்டில் சேருங்கள்: தடித்த உறைக்குள் மெல்லிய உறை ஒன்று வேண்டும், பொத்தானை அழுத்த. உதிரி பற்றரி உட்பையில், உடற்சூட்டில் இருக்கட்டும். குளிரில் மளமளவென்று இறங்கிவிடும். அறைக்குள் நுழையுமுன் கமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுக மூடாவிட்டால் வில்லையில் நீர் கோத்துக்கொள்ளும். சொல் எதுவானாலும் பக்கத்தில் ‘மெரினோ கம்பளி’ என்று எழுதுங்கள். கடையில் மெய்ப்பை கேட்டால் கிடைக்காது.

ச. எழுதியது:
முல்லைப்பாட்டேதான் வேண்டுமென்றால், மெய்ப்பைக்கு முந்தைய அடியிலேயே ‘மறிந்துவீங்கு செறிவுடை’ இருக்கிறது. இறுகப் பிடித்த உடை. நாம் தேடுவதும் அதுதானே?

கு. எழுதியது:
அது இடுப்பில் நெருங்க உடுத்தது. பொருந்தாது.

ச. எழுதியது:
கையுறையில் பொருள் மாறலாம், செறிவுடையில் கூடாதா?

ந. எழுதியது:
நாளை அச்சு. ‘அடியுடை’ என்று போட்டு, முதல் இடத்தில் ‘தோலை ஒட்டிய மெரினோ கம்பளி உடை’ என்ற விளக்கத்தோடு அனுப்பிவிட்டேன். ச., வி. இருவருக்கும் சம்மதம்.

கு. எழுதியது:
எனக்குச் சம்மதமில்லை. அடி என்றால் பாதம். காலுறை என்று நினைத்து இரண்டு சோடி வாங்கப்போகிறார்கள்.