வங்கி மேசைக்கு முன்னால் கதையா, கணக்கா?

கொழுந்துமலை:
இலங்கையின் ஊவா மாகாணத்தில், ஹல்துமுல்லைப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். கொழுந்து ஏற்ற இரண்டாவது லொறி வேண்டும், அதற்கு வங்கியில் கடன் கேட்கப் போகிறோம், பேசும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். கிடைப்பது இருபது நிமிடம். கொழும்பிலிருந்து வந்து எங்களுக்குப் பயிற்சி தந்த ஒரு சேர், ஸ்லைடைக் குறைத்துக் கதையாகச் சொல்லுங்கள், கேட்கிறவர் மனதில் அதுதான் நிற்கும் என்றார். சங்கப் பொருளாளர் அண்ணன் அதை ஏற்கவே இல்லை. கதை திருவிழாவுக்கு, வங்கிக்குக் கணக்கு என்கிறார். எனக்குக் கதைப் பக்கம்தான் மனம் போகிறது. எங்கள் கஷ்டத்தை அட்டவணை போட்டுக் காட்டினால் யாருக்குப் புரியும்? நாலு பேர் முன்னால் பேசிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கடன்மேசை:
தங்கச்சி, எனக்கு வேலை வங்கியில் கடன் பிரிவில்தான், அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒருவர் வந்து உட்கார்ந்து தாத்தா கப்பலேறி வந்த காலத்திலிருந்து தொடங்கினால், நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே ஃபைலில் தொகையைத் தேடிக்கொண்டிருப்பேன். எவ்வளவு வேண்டும், மாதம் எவ்வளவு கட்டுவீர்கள், அந்தப் பணம் எதிலிருந்து வரும், பிணை என்ன. இது நான்கும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் வராவிட்டால் மீதி எதுவும் காதில் ஏறாது. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றடிக்கும், தேயிலைக்கு வாசம் கூடும், கொழுந்து குறையும். அந்த மாதங்களில் தவணையை எப்படிக் கட்டுவீர்கள் என்றுதான் நான் கேட்பேன். அதற்குக் கதையில் பதில் கிடையாது.

ஊவாக்காற்று:
அண்ணே, நான் தேயிலை விற்பனையில் இருக்கிறவன், நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போக முடியவில்லை. 2007இல் ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆளுக்கு 5 டொலர் கையில் கொடுத்து, அதில் விரும்பியதைத் தானம் செய்யலாம் என்றார்கள். ஆபிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டொலர் கொடுத்தார்கள். மாலி நாட்டு ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டொலர் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43தான். கதைக்குள் கணக்கு வந்ததும் கை சுருங்கிவிட்டது!

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், ஹப்புத்தளைக்குப் பக்கத்து டம்பேதன்னையைப் பாருங்கள். தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கினார். 'தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டுதான் விற்றார். அந்த வரிக்குள் ஒரு மலை இருக்கிறது, ஒரு பயணம் இருக்கிறது, குடிக்கிறவர் வீட்டு அடுப்படியும் இருக்கிறது. சங்கத்துக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்.

கடன்மேசை:
தம்பி, நீங்கள் சொன்ன சோதனை தர்மம் கொடுப்பதைப் பற்றியது. இவர்கள் தர்மம் கேட்கப் போகவில்லை, வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற பணம் கேட்கிறார்கள். இரக்கத்தில் கொடுத்த கடனை வசூலிக்கப் போகும்போது அந்த இரக்கம் எந்தப் பக்கமும் இருக்காது. லிப்டன் விஷயமும் முழுசாகச் சொல்லுங்கள். மற்றவர்களைவிட விலையைக் குறைத்தார், கால் இறாத்தல், அரை இறாத்தல், ஒரு இறாத்தல் என்று நிறை குறித்த பொட்டலத்தில் அடைத்துக் கொடுத்தார். வாங்கிய பெண்ணுக்குக் காசு மிச்சமானது. வரி அதன் பிறகுதான் வேலை செய்தது.

பழைய கணக்கப்பிள்ளை:
மகள், கடன்மேசைத் தம்பி சொல்வதை நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அதுவும் ஒரு கதையோடுதான் வந்தது. நஞ்சில்லாத நாடு, முன்னோர் செய்த விவசாயம், வருங்காலப் பிள்ளைகளின் ஆரோக்கியம். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! ஒரு ஏக்கருக்கு எவ்வளவு கூட்டெரு வேண்டும், அது எங்கே இருக்கிறது, மலைக்கு யார் சுமப்பது என்று கேட்டவர்களைக் கதைக்கு எதிரி மாதிரிப் பார்த்தார்கள். நவம்பரில் தடையைக் கைவிட வேண்டி வந்தது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்தது உண்மைதான், ஆனாலும் உரமில்லாத செடியை நான் கண்ணால் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற நம் லயங்களுக்கு வந்து நுண்கடன் விற்றவர்களும் கையில் கல்குலேட்டரோடு வரவில்லை, 'பாருங்கள், இந்த அக்கா ஒரு தையல் மெஷினில் தொடங்கி இன்று எப்படி இருக்கிறார்' என்ற கதையோடுதான் வந்தார்கள். வட்டி எவ்வளவு என்று நம் பெண்களுக்குத் தெரிந்தது கையெழுத்துப் போட்ட பிறகு. அதனால் கதை நன்றாக இருந்தால் எனக்குப் பயம்தான் வரும்.

ஊவாக்காற்று:
ஐயா, உரத் தடையில் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் அங்கே தப்பு செய்தது கதை இல்லை, எதிர்க்கேள்விக்கு இடம் கொடுக்காத தலைமை. கணக்குப் பக்கம் மட்டும் சுத்தமா? 2003இல் கொலம்பியா விண்கலம் பறந்துகொண்டிருந்தபோது, அதன் இறக்கையில் மோதிய நுரைத்துண்டு பற்றிப் பொறியியலாளர்கள் ஸ்லைட் போட்டுத்தான் விளக்கினார்கள். மோதிய துண்டு, சோதனையில் பயன்படுத்தியதைவிடப் பல நூறு மடங்கு பெரியது என்ற செய்தி அதில் இருந்தது. எங்கே? ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், புள்ளிக்குள் புள்ளியாக. தலைப்பைப் பார்த்தவர்கள் பெரிய ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். பெப்ரவரி 1ஆம் திகதி திரும்பி வரும்போது ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்த ஸ்லைடையே எடுத்துப்போட்டுக் குறை சொன்னது. எண் இருந்தது, அதைக் கண்ணில் படும்படி சொல்ல ஆளில்லை. நான் கதை என்று சொல்வது அதைத்தான்: எது நடந்தது, அதனால் எது நடக்கும், இப்போது நாம் என்ன செய்ய வேண்டும்.

பிரட்டுக்களம்:
நான் ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். இங்கே எல்லோரும் வங்கியையே பார்க்கிறீர்கள், நான் ஆட்களை நடத்துகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டில், புதுசாக வந்த சின்னதுரை, அதாவது உதவி மனேஜர் ஒருவர், நாமெல்லாம் ஒரே குடும்பம், இந்தத் தோட்டத்தின் வரலாறு என்ன தெரியுமா என்று ஆரம்பித்தால், கூடையோடு நிற்கிற அக்காமார் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது எந்த மலை, இன்றைக்கு எத்தனை கிலோ, குறைந்தால் அரைப்பேரா (அரைநாள் சம்பளமா), கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு. அதைச் சொல்லிவிட்டால் பிறகு என்ன கதை சொன்னாலும் நின்று கேட்பார்கள். காமன் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற சனம், கதை கேட்கத் தெரியாதவர்கள் இல்லை.

ஊவாக்காற்று அண்ணனுக்கு ஒன்று. உங்கள் தேயிலைப் பெட்டிகளில் கொழுந்தெடுக்கிற பெண்ணின் படம் சிரித்தபடி இருக்கிறது. அந்தக் கதையை யார் சொல்கிறார்கள்? அவர் பெயர் அதில் இல்லை, சம்பளம் இல்லை, அட்டை கடித்த கால் இல்லை. லிப்டனின் வரியில் தோட்டம் இருக்கிறது, பானை இருக்கிறது, நடுவில் கொழுந்து பறித்த கையைக் காணோம். கொழுந்துமலைத் தங்கச்சி கதை சொல்லட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் சங்கத்து ஆள் யாரையாவது பாவப்பட்டவராக்கி அந்த மேசையில் வைக்காதீர்கள். அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பேசவிடுங்கள்.

ஊவாக்காற்று:
அக்கா, அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னது சரி. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கொழுந்துமலை:
எல்லோருக்கும் நன்றி. இப்போது ஆளைப் பற்றிச் சொல்லாமல் ஒரு சாக்கைப் பற்றிச் சொல்லலாமா என்று தோன்றுகிறது. காலையில் பறித்த கொழுந்து பதினோரு மணிக்குச் சாக்கில் ஏறி ரோட்டோரம் வந்துவிடும். லொறி மேல் பக்கத்து வீடுகளை முடித்துக்கொண்டு எங்களிடம் வர மாலை நான்காகும். அதற்குள் சாக்கின் நடுவில் கையை விட்டால் சூடு தெரியும், அமுங்கின இலை ஓரத்தில் சிவந்திருக்கும். பெக்டரியில் வாட்டி, அரைத்த பிறகு சிவக்க வேண்டிய இலை சாக்கிலேயே சிவந்துவிட்டால் டீமேக்கர் என்ன செய்வார்? நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது பொதுக்கணக்கு, ஆனால் எப்படிப்பட்ட தூள் என்பது அந்த ஐந்து மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. ஏலத்தில் பெக்டரிக்குக் கிடைக்கிற விலையில் நூற்றுக்கு 68 எங்களுக்கு, 32 பெக்டரிக்கு என்று பிரித்துத்தான் எங்கள் பங்கு வருகிறது, அதனால் சாக்குச் சூடேறினால் எங்கள் வருமானம்தான் இறங்கும்.

கடன்மேசை:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் இவ்வளவு சண்டை பிடித்திருக்க மாட்டேன் தங்கச்சி. இது எனக்குக் கதையாகத் தெரியவில்லை, லொறி எதற்கு என்ற காரணமாகத் தெரிகிறது. ஆனாலும் தொகையையும் தவணையையும் முதல் நிமிடத்தில் சொல்லுங்கள், சாக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

ஊவாக்காற்று:
அங்கேதான் இன்னும் ஒத்துப்போகவில்லை அண்ணே. தொகையை முதலில் கேட்டதும் மனேஜர் 'இது அதிகம்' என்று முடிவு கட்டிவிடுவார், பிறகு சாக்கைப் பற்றி என்ன சொன்னாலும் பேரம் மாதிரித்தான் இருக்கும். முதல் மூன்று நிமிடம் சாக்கு, நான்காவது நிமிடம் தொகை.

பழைய கணக்கப்பிள்ளை:
யார் முன்னே யார் பின்னே என்பதை அன்றைக்கு மனேஜர் முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள் மகள். கொழுந்தை நிறுத்துப் பெக்டரி தந்த சிட்டைகளைத் தேடி எடுத்தீர்களா? ஒரு வருஷத்துச் சிட்டையிலும் கழிவென்று நிறையில் வெட்டியது எத்தனை கிலோ, லொறி பிந்திய நாளில் எவ்வளவு, நேரத்துக்கு வந்த நாளில் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

கொழுந்துமலை:
சிட்டை பொருளாளர் அண்ணனிடம் இருக்கிறது ஐயா, தேதி வாரியாக. லொறி வந்த நேரத்தைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. டிரைவர் தம்பியிடம் ஒரு கொப்பி கொடுத்து நாளையிலிருந்து எழுதச் சொல்லப்போகிறேன், வங்கிக்குப் போவதற்குள் ஒரு மாதக் கணக்காவது சேரும். தொகையை முதலில் சொல்கிறேன். சாக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை, ரோட்டோரத்தில் கொழுந்தோடு காத்திருக்கிற எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் பேசுவார், கேட்டேன், வருகிறேன் என்றார். வறண்ட மாதத் தவணைக்கு மட்டும் பதில் இன்னும் இல்லை. கடன்மேசை அண்ணே, அந்த மூன்று மாதமும் வட்டியை மட்டும் கட்டுகிற மாதிரி கேட்கலாமா?

கடன்மேசை:
கேட்கலாம். கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். முந்தைய இரண்டு வருஷத்தில் அந்த மாதங்களுக்குரிய கொழுந்து நிறையையும் பக்கத்தில் எழுதுங்கள்.