பெண்களின் வாழ்வைப் பேசும் நூல்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். கிழக்கிலங்கையின் களுவாஞ்சிகுடியில் பெண்கள் சிலர் கூடி நடத்தும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்துக்கு, பெண்கள் தம் வாழ்வையும் காதலையும் துயரையும் தாமே எழுதிய நூல்கள் தேவைப்படுகின்றன. 1986இல் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பு, சாய்ந்தமருது அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’, தமிழ்நாட்டு எழுத்தாளர் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ ஆகியவற்றை வாசித்துவிட்டோம்.

சல்மாவின் நாவல்தான் எங்களிடையே அதிக விவாதத்தைக் கிளப்பியது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போய், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமுள்ள நம் பகுதியில், அந்த வீட்டுக்காரியின் சொல்லுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்ற கேள்வியில் பேச்சு வந்து நின்றது. “வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில்தான் கிடக்கிறது, அதை ஈடு வைத்தது யார்?” என்று ஓர் அக்கா கேட்டதும் எவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை; பிறகு சிரித்தவர்களே தத்தம் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆகவே, குலமும் வீடும் தாய்வழியே செல்லும் இந்தக் குடிமுறையின் பின்னணியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பெண்கள் எழுதிய நாவல், சிறுகதை, தன்வரலாறு எதுவாயினும் அறியத் தாருங்கள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குச் சென்று திரும்பியவர்களின் அனுபவங்களும், போரில் கணவரை இழந்தபின் குடும்பத்தைத் தாங்கியவர்களின் அனுபவங்களும் கிடைத்தால் மிக நன்று. கவிதை இப்போதைக்குப் போதும். கைபேசித் திரையில் வாசிக்க எங்களுள் மூத்தவர்களுக்குச் சிரமம் என்பதால் அச்சுப் பிரதிகளையே தேடுகிறோம். இரவல் தர விரும்புவோர் உள்பெட்டியில் தெரிவித்தால், தபால் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்வோம். கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் முடியும்.