வின்லாண்ட் சாகா: இரண்டாம் சீசன் முன்னால் முதல் சீசன் நிற்காது (கதை முழுக்கப் பேசுகிறோம், பார்க்காதவர்கள் தவிர்க்கவும்)

கடலோடி:
வைக்கிங் காலத்தில் நடக்கும் இந்த ஜப்பானிய அனிமேயின் இரண்டு சீசனையும் இந்த மாதம் மறுபடி பார்த்து முடித்தேன். 2019-ல் வந்த முதல் சீசன் எனக்குப் பிடிக்கும். ஆனால் 2023-ல் வந்தது அதைவிடப் பல படி மேலே. முதல் சீசனில் நாயகன் தோர்ஃபினுக்கு ஒரே வேலைதான். அப்பா தோர்ஸின் சாவுக்குக் காரணமான வைக்கிங் கூட்டத் தலைவன் அஸ்கெலாடோடு ஒண்டிக்கு ஒண்டி மோத வேண்டும், அந்த வாய்ப்புக்காக அவன் ஏவுகிற கொலைகளைச் செய்ய வேண்டும். பாய்கிறான், தோற்கிறான், கத்துகிறான். 24 எபிசோடு முடிந்தும் அவன் மனசுக்குள் நம்மால் நுழைய முடியவில்லை. இரண்டாம் சீசனில் அவன் டென்மார்க்கில் கெட்டிலின் பண்ணையில் ஒரு அடிமை. கத்தி பறிபோன பிறகுதான் அவன் யார் என்றே தெரிய ஆரம்பிக்கிறது.

ரத்தினம்_87:
ஏற்க மாட்டேன் சகோ. முதல் சீசனுக்கு நாயகன் தோர்ஃபின் என்று நினைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அது அஸ்கெலாடின் கதை. அம்மாவின் மண்ணான வேல்ஸ் மேல் படை போகக் கூடாது என்பதற்காக, சபை நடுவே பைத்தியம் பிடித்தவன்போல் நடித்து அரசன் ஸ்வேனின் தலையைச் சீவுகிறானே, அடுத்த நிமிடமே அந்த அரசனின் மகன் கனூட்டின் வாளுக்குத் தன்னைக் கொடுக்கிறானே! அதற்கு ஈடாக இரண்டாம் சீசனில் ஒரு காட்சி சொல்லுங்கள். அங்கே மரம் வெட்டுகிறார்கள், வேர் பிடுங்குகிறார்கள். நான் இரண்டு முறை பாதியில் நிறுத்தியவன்.

கடலோடி:
அந்த வேர் பிடுங்குவதில்தானே எல்லாம் இருக்கிறது. தோர்ஃபினும் கூட இருக்கும் அடிமை எய்னாரும் காட்டைத் திருத்திக் கோதுமை விளைவித்தால், அதை விற்ற காசில் விடுதலையை வாங்கிக்கொள்ளலாம் என்பது கெட்டிலோடு ஒப்பந்தம். இரண்டு பேராக முட்டி மோதியும் மரத்தின் அடிக்கட்டை அசையவில்லை. கெட்டிலின் அப்பா ஸ்வெர்கெல் கிழவர் வீட்டு வேலைகளைச் செய்து கொடுத்துத்தான் குதிரையை இரவல் வாங்குகிறார்கள். அப்புறம் முதல் முளை. அந்தப் பச்சையை தோர்ஃபின் குனிந்து பார்க்கிற பார்வையைக் கவனியுங்கள். அதுவரை உயிரை எடுக்க மட்டுமே தெரிந்த கை அது. அந்த முளைக்கு இத்தனை எபிசோடு காத்திருக்காவிட்டால், பொறாமை பிடித்த கூலியாட்கள் வயலை நாசம் செய்கிறபோது நமக்கு வயிறு எரியுமா?

மழைக்காகம்:
இடையில் ஒரு தகவல். அனிமேயைத் தயாரிக்கும் ஸ்டூடியோ, விட்-டிலிருந்து மாப்பாவுக்கு மாறியதால்தான் இந்த வித்தியாசம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இயக்குநர் இரண்டுக்குமே ஷூஹேய் யபுட்டாதான், இசையும் அதே யுட்டாக்கா யமாடா. கதை போகிற திசை மகோட்டோ யுகிமுராவின் மூலக் காமிக்ஸான மங்காவிலேயே இருப்பது. முதல் சீசனின் கடைசி எபிசோடுக்குத் தலைப்பே ‘முன்னுரையின் முடிவு’.

ரத்தினம்_87:
சரி, முன்னுரை என்றே வைத்துக்கொள்வோம். முன்னுரை பலமாக இருந்ததால்தானே பின்னால் வருவது நிற்கிறது? இங்கிலாந்துக் கரையில் ஒதுங்கிய தோர்ஃபினுக்கு ஒரு பெண் தலை வாரிப் பேன் எடுத்துவிடுவாள். அன்றிரவே அவன் காட்டிய தீயைப் பார்த்துத்தான் அஸ்கெலாடின் கூட்டம் அந்த ஊரை அழிக்க வரும். இதைப் பார்க்காமல் யாராவது நேரே பண்ணைக்கு வந்தால் என்ன புரியும்?

கடலோடி:
ஒன்றும் புரியாது, அது உண்மை. ஆனால் முதல் சீசன் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது. கணக்குக் கேட்பது இரண்டாம் சீசன். 9-வது எபிசோடில் அந்தக் கனவு. கீழே செத்தவர்கள் ஓயாமல் வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், தோர்ஃபின் கொன்றவர்கள் அவன் காலைப் பற்றி ஏறி வருகிறார்கள். அவர்களையும் சுமந்துகொண்டே மேலே ஏறு என்று சொல்வது யார்? உங்கள் அஸ்கெலாட்தான். முதல் சீசனில் நீங்கள் கொண்டாடுகிற ஆளுக்கு இரண்டாம் சீசன் செய்த மரியாதை அது.

நிலா_வாசகி:
எனக்கும் இரண்டாம் சீசன்தான் பெரிது. ஆனால் கெட்டில் பண்ணையின் அடிமைப் பெண் ஆர்ன்ஹெய்ட் விஷயத்தில் மனசு ஆறவே இல்லை. புருஷன் கார்டர் கண் முன்னால் சாகிறான். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைக் கெட்டில் தடியால் அடித்தே கொல்கிறார். அவள் சாகும்போது கடலுக்கு அப்பால் போரும் அடிமைத்தனமும் இல்லாத வின்லாண்ட் என்ற நாட்டைப் பற்றி தோர்ஃபின் சொல்கிறான், அங்கே அவனுடைய லட்சியம் பிறக்கிறது. ஒரு ஆணுக்கு வழி தெரிய ஒரு பெண் இப்படிச் சாகத்தான் வேண்டுமா? உச்சம் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கடலோடி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லவர்போல் இருந்த கெட்டிலும் முதலாளிதான் என்று காட்ட அது தேவைப்பட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவள் பக்கத்தில் இருந்து யோசித்தால் அது போதவில்லை.

மழைக்காகம்:
ரத்தினம், ஈடான காட்சி கேட்டீர்களே. இப்போது அரசனாகிப் பண்ணையைப் பறிக்க வந்திருக்கும் கனூட்டைச் சந்திக்க வேண்டுமானால் நூறு குத்து தாங்கு என்கிறார்கள், தோர்ஃபின் கையை ஓங்காமல் நின்று வாங்குகிறான். ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டால், முகம் வீங்கிப்போன நிலையில், எனக்கு எதிரிகள் இல்லை என்கிறான். சிறு பையனாக இருந்தபோது அப்பா தோர்ஸ் அவனிடம் சொன்ன சொல் அது. அவனுக்கு அது புரிந்து வாயில் வர இரண்டு சீசன் ஆகியிருக்கிறது.

ரத்தினம்_87:
அந்தக் காட்சி வரை நான் போகவே இல்லை. இரண்டு முறையும் எட்டாவது எபிசோடிலேயே விட்டுவிட்டேன். இன்றிரவு ஒன்பதாவதிலிருந்து தொடர்கிறேன். அஸ்கெலாட் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ள மாட்டேன், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.