நான்கு நாளாகியும் உப்புத் தண்ணீர் வற்றவில்லை, ஏன்?

மாடிவீட்டுக்காரி:
மகள் ஆறாம் வகுப்பு. ஆவியாதல் சோதனைக்காக ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உப்பைக் கரைத்து ஜன்னலோரம் வைத்தோம், தூசி விழக்கூடாதென்று தட்டு போட்டு மூடியும் வைத்தோம், நான்கு நாளாகியும் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை காட்டணும். என்ன தப்பு?

வெயில்மணி:
மூடி வைத்தால் எப்படிங்க வற்றும்? தட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் முத்து முத்தாக வியர்த்திருக்கும், அதுதான் மறுபடி உள்ளே விழுகிறது. அகலமான எவர்சில்வர் தட்டில் கொஞ்சமாக ஊற்றி, மெல்லிய துணி கட்டி மொட்டை மாடியில் வையுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்திகள் ஆழமில்லாமல் அகலமாக இருப்பதும் இதற்குத்தான்.

பழைய வாத்தியார்:
இன்னொன்று. 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைத் தாங்கும். உங்கள் இரண்டு ஸ்பூன் 10 கிராம் என்று வைத்தால், தண்ணீர் 30 மில்லிக்கும் கீழே இறங்கினால்தான் முதல் படிகமே தெரியும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் வெறும் பொடிதான் ஒட்டும். மெதுவாக வற்றினால் குட்டிக் குட்டிச் சதுரமாக வரும், லென்ஸில் பார்க்க அவ்வளவு அழகு. கரைந்த உப்பு உப்பாகவே திரும்புவதால் இது இயற்பியல் மாற்றம்.

மாடிவீட்டுக்காரி:
ஆமாம், தட்டடியில் துளி துளியாக இருக்கிறது! சரி, சர்க்கரையிலும் இப்படிச் செய்யலாமா என்கிறாள்.

பழைய வாத்தியார்:
செய்யலாம், ஆனால் பாகு மாதிரி பிசுபிசுவென்று நிற்கும், எறும்பு முந்திக்கொள்ளும். அதற்குப் பதில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் பழைய கரண்டியில் நீங்களே கருக்கிக் காட்டுங்கள். அந்தக் கரி திரும்பச் சர்க்கரை ஆகாது, அது வேதியியல் மாற்றம்.