வெல்டு நிக்குது, பக்கத்துல பிளேட் மடங்குது! 6061-டி6, கூடவே ஒரு கார்ப்பரேட்டர் கதை

பீளமேடு பட்டறை:
வணக்கமுங்க. லேத், மில்லிங், கொஞ்சம் டிக் வெல்டிங்னு (ஆர்கான் காஸ் விட்டு மின்பொறியில ஒட்டுறது) சின்னப் பட்டறை வெச்சிருக்கேன். பேக்கிங் மெஷின் ஒண்ணுக்கு எல் பிராக்கெட் கேட்டாங்க. 10 மி.மீ. 6061-டி6 அலுமினியப் பிளேட் (6061 கலவையோட நம்பர், டி6-னா சூடாக்கித் தணிச்சுக் கெட்டியாக்குனது), ஒட்டுறதுக்கு 5356 அலுமினிய ராடு, ஏசி டிக். வெல்டுத் தையல் நல்லா வந்துச்சு, விரிசல் காட்டுற டை அடிச்சுப் பாத்தேன், விரிசல் இல்லை. ரெண்டே வாரத்துல ஜாப் திரும்பி வந்துருச்சு. வெல்டு போட்டபடியே இருக்கு, அதுக்கு 12 மி.மீ. தள்ளி பிளேட் மடங்கிக் கிடக்கு. கடைக்காரர் மட்டமான பிளேட்டைத் தலையில கட்டிட்டாரா?

இன்னொண்ணு. பழைய மொபெட் கார்ப்பரேட்டர்ல ஒடஞ்ச காதை ஒட்டலாம்னு அதே டார்ச்சை வெச்சேன். பொங்கிச்சு, வெள்ளைப் புகை, பஞ்சு மாதிரி பொடி. காது சொட்டா விழுந்துருச்சு. ராத்திரி எனக்கு நடுக்கத்தோட காய்ச்சல், விடிஞ்சதும் இல்லை. மெஷின்ல கோளாறா?

ஆர்கான் அண்ணாச்சி:
தம்பி, மெஷினைத் திட்டாதீங்க. அந்தக் கார்ப்பரேட்டர் அலுமினியமே இல்ல, துத்தநாகக் கலவை வார்ப்பு, ஜமாக்னு பேரு. 380 டிகிரி தாண்டினாலே உருக ஆரம்பிச்சுரும். துத்தநாகம் 907-ல கொதிக்கும், உங்க ஆர்க்கோ ஆயிரக்கணக்கான டிகிரி. பஞ்சுப் பொடி துத்தநாக ஆக்சைடு, காய்ச்சல் அந்தப் புகையால வந்தது. பால் குடிச்சா சரியாகும்னு பட்டறையில சொல்லுவாங்க, நம்பாதீங்க. காத்தோட்டம்தான் மருந்து. மூச்சு முட்டுனா மட்டும் தள்ளிப் போடாம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மிச்சத் துண்டை எடை போட்டு, தண்ணியில முக்கிக் கன அளவு பாருங்க. ஒரு மி.லி.க்கு 2.7 கிராம்னா அலுமினியம், 6.6 கிட்ட வந்தா ஜமாக்.

லேத்து ராஜா:
பிராக்கெட்டைச் செவக்கக் காய்ச்சி தண்ணியில போடுங்க பாஸ். உளிக்கு அப்படித்தானே பண்றோம்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தயவுசெய்து செய்யாதீர்கள். அலுமினியம் சிவந்து காட்டாது. 6061 ஏறக்குறைய 580 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பிராக்கெட் தரையில் கிடக்கும்.

உளி எஃகு தண்ணீரில் விழுந்ததுமே கெட்டியாகிறது. அலுமினியம் நேர் எதிர். தணித்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும், பிறகு தானாகக் கெட்டிப்படும். 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் இதைத்தான் கண்டார்: தணித்த அலுமினியக் கலவை ஓரிரு நாள் சும்மா கிடந்ததிலேயே கடினம் ஏறியிருந்தது.

6061-ஐ 530 டிகிரிக்குச் சூடாக்கும்போது மெக்னீசியமும் சிலிக்கனும் அலுமினியத்துக்குள் கரைகின்றன. தண்ணீரில் தணித்து, பிறகு 175 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் ஊறவிட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரிகின்றன. டி6-இன் பலமே அந்தத் துகள்கள்தான். நீங்கள் வெல்டு வைத்தபோது பக்கத்துப் பிளேட்டில் அவை சில இடங்களில் கரைந்தன, சில இடங்களில் பருத்துப் பயனற்றுப் போயின. 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கிய பிளேட், தையலுக்கு இருபுறமும் ஓர் அங்குலத்துக்கு, ஏறக்குறைய பாதிதான் தாங்கும். கடைக்காரர் பாவம்.

சந்தேகமிருந்தால் ஸ்பிரிங் சென்டர் பஞ்சால் (புள்ளி குத்தும் கருவி) தையலுக்கு அருகிலும் தள்ளியும் ஒரு குத்து குத்திப் பாருங்கள். குழி அகலமாக விழும் இடம் மெத்தென்று ஆகிவிட்ட இடம்.

பீளமேடு பட்டறை:
குத்திட்டேன் சார். 80 மி.மீ. தள்ளி குழி 1.0 மி.மீ. அகலம். மடங்குன எடத்துல 1.2. விரல் வெச்சாலே விளிம்பு பிதுங்குனது தெரியுது.

கார்ப்பரேட்டர் துண்டு 198 கிராம், 30 மி.லி. அண்ணாச்சி சொன்ன 6.6 அப்படியே வருது!

இப்ப பிராக்கெட்டை மறுபடி 175-ல ஊற வெச்சா பலம் திரும்புமா? பக்கத்துல பவுடர் கோட்டிங் ஓவன் இருக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கரைந்த பகுதி ஓரளவு தேறும், பருத்த பகுதி தேறாது. முழுதாகத் திரும்ப 530-இலிருந்து தணிக்க வேண்டும், தணிக்கும்போது பிராக்கெட் கோணிக்கொள்ளும். புதிதாகச் செய்வதே நல்லது. டி4 பிளேட் (தணித்தது, ஆனால் சூட்டில் ஊற வைக்காதது) வாங்கி வெல்டு வைத்து, அதன்பின் ஊற வையுங்கள். டி6-இல் வெல்டு வைப்பதைவிடப் பலம் அதிகம் நிற்கும்.

ஆனால் அப்போது 5356 ராடு வேண்டாம், சிலிக்கன் கலந்த 4043 ராடு போடுங்கள். 5356-இல் ஏறக்குறைய 5 சதவீதம் மெக்னீசியம். சூட்டில் நெடுநேரம் கிடந்தால் பிற்பாடு அழுத்தத்தில் அரித்து விரிசல் விடும்.

ஆர்கான் அண்ணாச்சி:
அதோட தையலை மூலையில வைக்காதீங்க தம்பி, பாரம் அங்கதான் மொத்தமா விழும். முடிஞ்சா மூலையை மடக்காம முழுப் பிளேட்டுல இருந்து வெட்டி எடுங்க, இல்லாட்டி போல்ட். பழைய இரும்புக் கடையில 7075-னு இன்னொரு அலுமினியக் கலவைத் துண்டு மலிவாக் கெடச்சா வாங்கி வெல்டு வைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஆறும்போதே தையல் கீறிக்கும்.

பீளமேடு பட்டறை:
பிளேட்டுல இருந்தே வெட்டிறலாம்னு முடிவு பண்ணிட்டேன், கஸ்டமரும் சரின்னுட்டார். காது ஒடஞ்ச மொபெட்டுக்குப் பழைய கார்ப்பரேட்டர் ஒண்ணு தேடிட்டு இருக்கேன்.

இன்னொரு ஜாப்புக்கு ஓவன்காரர் ராத்திரி எட்டு மணி நேரம் தர ஒத்துக்கிட்டார். டயல்ல 175 வெச்சா போதுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
டயலை நம்பாதீர்கள். தெர்மோகப்பிளின் (சூடு அளக்கும் கம்பி) முனையைப் பிளேட்டில் ஒரு துளையிட்டுச் சொருகி, பிளேட்டே 175 தொட்ட பிறகு எட்டு மணி நேரம் எண்ணுங்கள்.